கிளெண்டா வேண்டாம் என்றால் வேண்டாம்

அழைப்புமணியைக் கடைசியில்தான் அடிக்கிறார். வேனிலிருந்து இறங்கியதும் வாசலை ஏறிட்டும் பார்க்காமல் வீட்டின் பக்கவாட்டுக்குப் போய்விடுகிறார். முழங்கால் வரை பனி. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வெள்ளைக் குழாய்களைத் தேடுகிறார். ஒன்றின் வழியாக, நிலவறையிலிருந்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மூச்சை இழுக்கிறது, மற்றதன் வழியாக விடுகிறது. குனிந்து இரண்டின் வாய்க்குள்ளும் டார்ச் அடிக்கிறார். உறைபனி பூத்து அடைத்திருந்தால், கார் கண்ணாடி சுரண்டும் பிரஷ்ஷின் கைப்பிடியால் இரண்டு தட்டு. பிறகு வலது கையுறையைக் கழற்றி, மைனஸ் முப்பத்து மூன்றில் வெறும் உள்ளங்கையைக் குழாயின் முன்னால் காட்டி, உதடு அசையப் பத்து எண்ணுகிறார். அதற்குள் ஜன்னல் திரை விலகிவிடும். திருடி என்று நினைத்துப் போலீசைக் கூப்பிட்டவர்கள் இருவர். நாயை அவிழ்த்துவிட்டவர் ஒருவர். நாய் அவரை நக்கிவிட்டுப் போயிற்று.

"மொதல்ல பைப்பைப் பாரு, அப்புறம் பர்ஸைத் தொற" என்பது கிளெண்டா பவ்லிக்கின் வாக்கு. குளிர் உச்சத்துக்குப் போகும் ஜனவரியில், நாலு அழைப்புக்கு ஒன்று இந்தக் குழாயடியிலேயே தீர்ந்துவிடுகிறது என்கிறார். தீர்ந்தாலும் வந்த கூலி நூற்று முப்பத்தைந்து டாலரை வாங்கிக்கொள்வார். தட்டியதற்கா இவ்வளவு என்று யாராவது முனகினால், பதில் தயாராக இருக்கிறது. "தட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல. எங்க தட்டணும்னு தெரிஞ்சதுக்கும், இந்தக் குளிர்ல என் வண்டி ஸ்டார்ட் ஆனதுக்கும்தான் காசு."

வயது ஐம்பத்தேழு. வினிபெக்கின் வடக்குப் பகுதியில் பிறந்து, அதே பகுதியில் இரண்டு தெரு தள்ளி வாழ்கிறார். முப்பத்து நான்கு வயது வரை நகரப் பேருந்துக் கழகத்தில், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் கத்தும் வேலை. அந்தக் குரல் இன்னும் குறையவில்லை. நிலவறையில் அவர் பேசுவது மாடியில் குளிப்பவருக்குக் கேட்கும். எரிவாயு வேலைக்கான படிப்பில் சேர்ந்தபோது வகுப்பில் இருபத்தாறு ஆண்கள், இவர் ஒருவர். தேர்வில் மூன்றாவதாக வந்தார். முதல் இரண்டு பேரும் இப்போது ஃபர்னஸ் விற்கிறார்கள் என்று சொல்லும்போது, பல்லில் கல் கடிபட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார்.

இவர் விற்பதில்லை. ரிப்பேர் மட்டும்தான். வேனில் புது ஃபர்னஸின் விளம்பரத் தாள் ஒன்றுகூடக் கிடையாது. மீன் பிடிக்கும் பெட்டி ஒன்றில் சின்ன உதிரி பாகங்கள், கடன் கொடுக்க இரண்டு மின்சார ஹீட்டர், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற வளைந்த கண்ணாடி, ஒரு ஜோடி பச்சை நிறக் கம்பளிச் செருப்பு. எந்த வீட்டிலும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு இந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே நடக்கிறார். தொப்பியின் விளிம்பில், பொத்தான் தைத்ததுபோல, கார்பன் மோனாக்சைடு அளக்கும் சின்னக் கருவி. மணமில்லாமல் ஆளைக் கொல்லும் அந்தப் புகையைத் தவிர உலகில் தனக்கு வேறு பயம் இல்லை என்பார். மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

அவரோடு வேனில் இரண்டு நாள் சுற்றினேன். முதல் நாள் காலை, மேப்பிள்ஸ் பகுதியில் ரொவேனா டுமாலோ என்ற நர்ஸின் வீடு. இரவுப் பணி முடித்து வந்த சீருடையோடு, கோட்டைக் கழற்றாமல், கையில் ஒரு தாளுடன் நின்றுகொண்டிருந்தார். முந்தைய நாள் ஒரு கம்பெனி ஆள் எழுதிக் கொடுத்த தாள். புது ஃபர்னஸ் எட்டாயிரத்து எழுநூறு. இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் அறுநூறு தள்ளுபடி. பழையது எரியத் தொடங்குகிறது, ஐந்து நொடியில் அணைந்துவிடுகிறது, மூன்று முறை முயன்றபின் முரண்டு பிடித்து நின்றுவிடுகிறது. அந்த ஆள் மூடியைத் திறந்து பார்த்து, துக்க வீட்டில் பேசும் குரலில் செய்தியைச் சொன்னாராம்.

கிளெண்டா தாளை வாங்கவில்லை. ஃபர்னஸின் வயிற்றுக்குள் கையை விட்டு, பின்னல் ஊசி மாதிரி ஒரு கம்பியை உருவினார். தீ எரிகிறதா என்று ஃபர்னஸுக்குச் சொல்லும் கம்பி அது. அதன்மேல் வெள்ளையாக மாசு படிந்திருந்தது. இரும்பு நாரால் நாலு தேய்ப்பு. திரும்பச் செருகினார். தீ பிடித்தது, ஐந்து நொடி, பத்து நொடி, ஒரு நிமிடம். அணையவில்லை. மொத்தம் பன்னிரண்டு நிமிட வேலை.

"அரை மணி நேரம் ஒக்காந்து என் பிள்ளைங்க பேரெல்லாம் கேட்டான் அந்தாளு" என்றார் ரொவேனா.

"பிள்ளைங்க பேரைக் கேட்டான். ஃபர்னஸ் வயசைக் கேட்டானா?"

"இல்லயே."

"ஒம்பது. பள்ளிக்கூடமே முடிக்கல, அதுக்குள்ள பாடை கட்டிட்டான்."

ரொவேனா சிரித்தபடியே தாளை மடித்துக் குப்பையில் போடப் போனார். கிளெண்டா தடுத்தார். வைத்துக்கொள்ளச் சொன்னார், இன்னும் பத்து வருடம் கழித்து உண்மையாகவே வாங்க வேண்டி வரும்போது, விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம்.

சாமானின் விலையை விரல்விட்டுச் சொல்வது அவருக்கு வழக்கம். பையைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். தீ மூட்டும் பாகம் கடையில் ஐம்பது, மாட்டினால் இருநூற்று எண்பது. காற்றைத் தள்ளும் மோட்டார் பழைய ரகம் எழுநூறு, புதிய ரகம் இரண்டு மடங்கு. ஃபர்னஸை இயக்கும் மின்பலகை போனால் அறுநூறு. இதற்குமேல் போனால் அவரிடம் ஒரு பெருக்கல் இருக்கிறது. ரிப்பேர் விலையை ஃபர்னஸின் வயதால் பெருக்க வேண்டும்; ஐயாயிரத்தைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். "யோசின்னுதான் சொன்னேன். ஓடிப்போய் வாங்குன்னு சொல்லல." ஞாயிற்றுக்கிழமை கெட்டால், வீட்டில் வேறு ஹீட்டர் இருந்து குளிரும் மிதமாக இருந்தால், திங்கள் காலை வரை பொறுக்கச் சொல்கிறார், ஞாயிறு கூலி இரண்டு மடங்கு. பனிக்கு முன்னால் சோதனைக்குக் கூப்பிடாதவர்களை அவர் மன்னிப்பதில்லை. "அக்டோபர்ல கூப்பிட்டா நான் மனுஷி. ஜனவரில கூப்பிட்டா நான் தங்க வெல."

அவருடைய கோபமெல்லாம் வீட்டுக்காரர்களின் அக்கறைமீதுதான். நல்லது செய்வதாக நினைத்து, கடையில் இருப்பதிலேயே தடித்த காற்று ஃபில்டரை வாங்கிச் செருகிவிடுகிறார்கள். மூக்கில் கம்பளியை அடைத்துவிட்டு ஓடச் சொல்வது மாதிரி அது. இன்னும் மோசம், சிக்கனம். எங்கள் ஊரில் ஒருவரின் கோட்டைப் புகழ்ந்தால் நன்றி என்ற பதில் வராது. அதை எவ்வளவு மலிவாக வாங்கினார் என்ற கதைதான் வரும். அந்தக் கதைக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. ஆளில்லாத அறையைச் சூடாக்குவானேன் என்று தரையிலுள்ள வெப்பக்காற்றுத் துவாரங்களை மூடிவிடுகிறார்கள். மூடிய துவாரங்களில் முட்டிய சூடு ஃபர்னஸுக்கே திரும்புகிறது. இருபது டாலர் மிச்சம் பிடிக்கப் போய், தீயைச் சுற்றியுள்ள இரும்புக் கூட்டை வறுத்துவிடுகிறார்கள்.

இப்படியொரு ஊரில், வாங்க வேண்டாம் என்று சொல்பவருக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிளெண்டா வேண்டாம் என்றால் வேண்டாம். வடக்கு கில்டோனனில் தேவாலயம் முடிந்து காபி குடிக்கும்போது, போன குளிர்காலத்தில் கிளெண்டா தங்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த தொகையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அதில் எப்போதும் முதலிடம் ஆப்ராம் ரெம்பெலுக்கு. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. அவருடைய ஃபர்னஸுக்கு வயது இருபத்து நான்கு. பதினொரு வருடமாக அதை ஓட வைத்துக்கொண்டிருப்பவர் கிளெண்டா.

இரண்டாம் நாள் மதியம் ஒரு மணிக்கு ரெம்பெல் வீட்டுக்குப் போனோம். பழைய ரகம் என்பதால் சுவரில் குழாய் இல்லை. புகை கூரை வழியாகப் போகிறது. கிளெண்டா தெருவில் நின்று கூரையைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்குள் பதினாலு டிகிரி. ரெம்பெல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்து உமியை ஒரு கோப்பையில் துப்பியபடி காத்திருந்தார். அவருடைய மனைவி டீனா, நிமோனியா வந்து மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு அன்று மூன்று மணிக்கு வீடு திரும்புகிறார். படுக்கை விரித்தாயிற்று, அடுப்பில் சூப் வைத்தாயிற்று. ஃபர்னஸ் மட்டும் காலையிலிருந்து ஓடி ஓடி நிற்கிறது. என்ன கோளாறு என்று அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். சூடு எல்லை மீறினால் ஃபர்னஸை அணைக்கும் சுவிட்ச் கெட்டுவிட்டதாம். முப்பத்தெட்டு டாலருக்குப் புதிதும் வாங்கி வைத்திருந்தார். கடையில் ஐம்பத்தைந்து சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"இதை மாட்டிட்டு ஓடு. பத்து நிமிஷம்" என்றார்.

கிளெண்டா நிலவறைக்கு இறங்கினார். சுவிட்சைக் கழற்றிச் சோதித்தார். மாட்டினார். வளைந்த கண்ணாடியை உள்ளே விட்டு, டார்ச் அடித்து, வெகுநேரம் பார்த்தார். வழக்கமாக இந்த நேரத்தில் ஏதாவது பாடுவார், அன்று பாடவில்லை.

"சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு, ரெம்பெல்."

"அப்புறம் ஏன் நிறுத்துது?"

"நிறுத்துறதுதான் அதோட வேலை."

மாடிக்கு ஏறி அறை அறையாகப் போனார். நவம்பரில் கடைசி மகனும் ரெஜைனாவுக்குப் போய்விட்டதால், பிள்ளைகளின் மூன்று அறைகளிலும் துவாரங்களை அடைத்துவிட்டதாக ரெம்பெல் பின்னாலேயே வந்து சொன்னார். எரிவாயுச் செலவில் மாதம் இருபத்திரண்டு டாலர் குறைந்திருக்கிறது. நடைக்கூடத்தில் ஒரு தடித்த கம்பளம் கிடந்தது. கிளெண்டா அதன் ஓரத்தைத் தூக்கினார். அடியில், அறைகளின் காற்று ஃபர்னஸுக்குத் திரும்பும் பெரிய கம்பி வலை. டீனாவுக்குப் பாதம் சில்லிடும், அதனால் விரித்தேன் என்றார் ரெம்பெல். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கிளெண்டாவின் பேருந்துக் குரல் கூரையைத் தூக்கியிருக்கும். கம்பளத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார், அவ்வளவுதான்.

மறுபடி கீழே. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ரெம்பெலை உட்காரச் சொன்னார். ஃபர்னஸின் முன்மூடியைக் கழற்றிவிட்டுத் தீயை மூட்டினார். நான்கு நீலச் சுடர்கள், கோடு போட்டது போல நேராக நின்றன. முப்பது நொடி கழிந்ததும் காற்றுத் தள்ளும் விசிறி சுழலத் தொடங்கியது. மூன்று சுடர்கள் அப்படியே நின்றன. நாலாவது மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்து, மஞ்சளாகி, வெளியே நாக்கை நீட்டியது.

"விசிறி ஓடினா தீ ஆடத்தானே செய்யும்" என்றார் ரெம்பெல்.

"அந்தக் காத்தும் இந்தத் தீயும் ஒண்ணையொண்ணு பாக்கவே கூடாது. நடுவுல இரும்புச் சுவர் இருக்கு. அது வெடிச்சிருக்கு. வெல்டு வைக்க முடியாது, ஒட்ட முடியாது. ஃபர்னஸ் போச்சு, ரெம்பெல். புதுசு வாங்கணும்."

ரெம்பெல் சிரித்தார். பிறகுதான் அவர் முகம் மாறியது. அந்த வார்த்தையை விற்பனையாளர்கள் எட்டு பேர் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எட்டு பேரையும் வாசலோடு அனுப்பியிருக்கிறார். வெடிப்பு என்று சொல்லி வருகிறவனை உள்ளே விடாதீர்கள், அதுதான் அவர்களுடைய பழைய பாட்டு என்று சொல்லிக் கொடுத்ததே கிளெண்டாதான்.

"நீயுமா?" என்றார். "சரி, எவன்கிட்ட எவ்வளவு கமிஷன்?"

கிளெண்டாவின் கழுத்து சிவந்தது. தொப்பியிலிருந்து அந்தச் சின்னக் கருவியைக் கழற்றி, பூஜ்யம் காட்டுவதை அவருக்குக் காட்டி, அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"மேல போங்க. டீனா படுக்கிற ரூம்ல, காத்து வர்ற ஓட்டையாண்ட ரெண்டு நிமிஷம் பிடிங்க. எனக்காக வேணாம். நம்பரைப் பாத்துட்டு வாங்க."

ரெம்பெல் முணுமுணுத்துக்கொண்டே படியேறினார். தலைக்கு மேலே அவர் நடப்பது கேட்டது; பிறகு நின்றது. நாலாவது சுடர் ஆடிக்கொண்டிருந்தது. கிளெண்டா எரிவாயுத் திருகுமேல் கையை வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்தைத் தாண்டினால் கூவும் கருவி, மேலே கூவத் தொடங்கியதும் ரெம்பெலின் குரல் கேட்டது.

"நாப்பத்தொண்ணு."

சத்தமாகச் சொல்லவில்லை. அந்த நொடியே திருகு மூடியது.

அடுத்த பத்து நிமிடம் கிளெண்டா ஒருவரே நாலு பேராக வேலை செய்தார். முன்கதவு, பின்கதவு இரண்டையும் விரியத் திறந்து, ஐந்து நிமிடம் குளிரை வீட்டுக்குள் ஓட விட்டார். ரெம்பெலைக் கோட்டோடு வாசற்படியில் நிறுத்தி, தலை வலிக்கிறதா என்று கேட்டார். காலையிலிருந்து வலிக்கிறது, காபி போதவில்லை என்று நினைத்தேன் என்றார் அவர். அந்த விஷப்புகை வந்தால் கத்தும் வீட்டுக் கருவி எங்கே என்று கேட்டதற்கு, கிறிஸ்துமஸிலிருந்து சும்மா சும்மா கத்தியது, பேட்டரிக் கோளாறு என்று எடுத்து இழுப்பறையில் போட்டேன் என்றார். கிளெண்டா உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பெரிய பாதிப்பு இல்லை, ஆனாலும் மருத்துவமனையில் காட்டிவிடலாம் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அப்படியானால் டீனாவையும் பார்த்த மாதிரி ஆகும் என்று ரெம்பெல் ஒப்புக்கொண்டார்.

புறப்படுவதற்கு முன் மருத்துவமனைக்குப் போன் செய்தார். டீனா இன்று இந்த வீட்டுக்கு வர மாட்டார். ஸ்டைன்பாக்கில் இருக்கும் அவர் தங்கை வந்து அழைத்துப்போவார். போனில் அதைச் சொல்வதற்கு அவருக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது. அதற்குள் கிளெண்டா வேனிலிருந்த இரண்டு ஹீட்டர்களையும் கொண்டுவந்து, ஒரே மின்கம்பியில் சுமை ஏறாதபடி ஒன்றைச் சமையலறையிலும் மற்றதை எதிர்க்கோடி அறையிலும் வைத்தார். தண்ணீர் உறையாமல் இருக்கக் குழாய்களை நூலளவு திறந்துவிட்டார். குழாய்களுக்குச் சூடு எட்டும்படி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவுகளையும் திறந்து வைத்தார்.

வாங்குவதைப் பற்றி அவர் சொன்னது கொஞ்சம்தான். மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும். இன்றைக்கே கையெழுத்து என்பவனை விட்டுவிட வேண்டும். வீட்டை அளக்காமல், பழைய ஃபர்னஸின் அளவைப் பார்த்து எழுதுகிறவனையும் விட்டுவிட வேண்டும். முன்பு பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், இந்த வீட்டுக்குச் சின்னது போதும், அதிலேயே ஆயிரம் குறையும். சாமானுக்குப் பத்து வருடம் உத்தரவாதம் என்பார்கள். மாட்டும் கூலிக்கு எத்தனை வருடம் என்று கேட்க வேண்டும். மாதத் தவணைக்கு ஃபர்னஸை வாடகைக்கு எடுக்கவே கூடாது. ஆறரை ஆயிரத்துக்குள் முடியும். முடியாவிட்டால் தன்னைக் கூப்பிட்டு, விலைத்தாளைப் படித்துக் காட்டச் சொன்னார்.

ரெம்பெல் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"அக்டோபர்ல பாத்துட்டு, இன்னும் அஞ்சு குளிர்காலம் தாங்கும்னியே, கிளெண்டா."

"சொன்னேன்."

"நான் ரூமை அடைச்சதாலதான் இப்படி ஆச்சா?"

"அதுவும் ஒரு காரணம்."

ரெம்பெல் இரண்டாவது பூட்ஸையும் கட்டி முடித்து ஆம்புலன்ஸ்காரர்களோடு போனார். சமையலறையில் ஹீட்டர் டிக் டிக் என்று சூடேறிக்கொண்டிருந்தது.

கிளெண்டா நிலவறைக்கு இறங்கினார். ஆபத்தான ஃபர்னஸில் சிவப்பு அட்டை கட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது சட்டம். அட்டை இருக்கும்வரை எவரும் அதை எரிக்க முடியாது. அடுத்து வருகிற ஒவ்வொரு கம்பெனி ஆளும், எரிவாயு அதிகாரியும் முதலில் படிப்பது அதைத்தான். வாளியில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து எழுதினார். பழுது என்ற இடத்தில் இரண்டு வார்த்தை. தேதி, நேரம், உரிம எண். கீழே குறிப்பு என்று ஒரு காலி இடம் இருந்தது. பெரும்பாலானவர்கள் அதை விட்டுவிடுவார்கள். மூடிய துவாரங்களையும் கம்பளத்தையும் பற்றி அங்கே எழுதியிருந்தால் அதுவும் உண்மைதான். கிளெண்டா பேனாவை வாயில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு எழுதினார்:

"அக்டோபர் 11. இதே இடத்தில் துரு இருந்தது. பார்த்தேன். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். கி. பவ்லிக்."

அட்டையின் கம்பியை எரிவாயுக் குழாயில் சுற்றி முறுக்கினார். கையை விட்டதும் அது சுழன்று, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்து நின்றது. மறுபடி குனிந்து, எழுத்து படியிலிருந்து இறங்குகிறவர் கண்ணில் படும்படி திருப்பி வைத்து, இன்னொரு முறுக்கு முறுக்கினார்.